ஐப்பசி மழையில் வயதான நாயின் கடைசி வாரங்கள்: பராமரிப்பு, ஊசி, குழி

பாமணிக்கரை கேட்கிறார்:

மன்னார்குடிக்குக் கிழக்கே கிராமம். நாட்டு நாய், ஆண், 13 வயது, 18 கிலோ. ஒரு மாதமாகத் தண்ணீர் அதிகம் குடிக்கிறது, மூத்திரமும் அதிகம், வாயில் நாற்றம், சோறு பாதிதான் இறங்குகிறது. ரத்தம் எடுத்துப் பார்த்ததில் கிரியேட்டினின் (சிறுநீரகம் வடிகட்டி வெளியேற்றவேண்டிய கழிவு) 5.2. சிறுநீரகம் போய்விட்டது, சில வாரம்தான் என்கிறார்கள். தோலுக்கடியில் டிரிப் போட்டுக்கொள்ளச் சொல்லியிருக்கிறார்கள். பார்த்துக்கொள்வது அப்பா, வயது 72. பையனாக இருந்த நாளிலிருந்து அவர் நாய் இல்லாமல் இருந்ததில்லை. வீட்டில் 4 வயதுப் பெண் நாய் ஒன்றும் பூனை ஒன்றும் உண்டு.

தெரியவேண்டியவை: டிரிப்பை வீட்டில் எப்படிப் போடுவது? ஊசி போட்டு அனுப்பிவிடலாமா, தானாகப் போகட்டும் என்று விடலாமா, எதை வைத்து முடிவு செய்வது? எங்கள் கொல்லையில் சம்பா நட்டபிறகு இரண்டடி தோண்டினால் தண்ணீர் ஊறும், எங்கே எப்படிப் புதைப்பது? அதற்கப்புறம் அடுத்த குட்டியை எப்போது கொண்டுவரலாம்?

வெட்டாறு:

டிரிப்புக்கு முன்னால் ஒன்று. 5.2 என்ற எண்ணை மட்டும் வைத்து நாளைக் குறிக்கக்கூடாது. நாள்பட்ட சிறுநீரக நோயில் 5-க்கு மேல் போனால் கடைசி நிலைதான். ஆனால் திடீரென்று வரும் சிறுநீரகப் பாதிப்பிலும் இதே எண் வரும், அது ஓரளவு சரியாக வாய்ப்புண்டு. நம் பக்கம் அந்தத் திடீர் பாதிப்புக்கு முதல் சந்தேகம் எலிக்காய்ச்சல். வயல் எலி மூத்திரம் கலந்த தண்ணீரில் நாய் இறங்கும், குடிக்கும், பாதத்து வெடிப்பு வழியாகக் கிருமி ஏறும். இரண்டாவது சந்தேகம் உண்ணிக்காய்ச்சல். அது நாள்பட்டுப்போனால் சிறுநீரகத்தையும் கெடுக்கும்.

எனவே மூன்று கேள்வி கேளுங்கள். எலிக்காய்ச்சலுக்கு ரத்தமும் மூத்திரமும் சோதித்தார்களா? தட்டணுக்கள் (பிளேட்லெட்) எவ்வளவு? ஸ்கேனில் சிறுநீரகம் சுருங்கி இருக்கிறதா, வீங்கி இருக்கிறதா? சுருங்கிச் சின்னதாகிவிட்டிருந்தால் நாள்பட்டது, பேச்சில்லை. வழக்கமான அளவிலோ வீங்கியோ இருந்தால் மருந்துக்கு ஒரு வாய்ப்புக் கொடுக்கவேண்டும். கிருமியைத் தேடும் சோதனைக்கு ஆன்டிபயாடிக் ஆரம்பிக்கும் முன்பே மாதிரி எடுக்கவேண்டும். ஆரம்பித்த பிறகு எடுத்தால் கிருமி இருந்தும் இல்லை என்று வந்துவிடும். மாதிரி போனபிறகு முடிவுக்குக் காத்திராமல் மருந்தை ஆரம்பித்துவிடுவார்கள். எலிக்காய்ச்சலுக்கு டாக்ஸிசைக்ளின் வழக்கமாக ஒரு கிலோவுக்கு 5 மி.கி., நாளுக்கு இரண்டு வேளை, 14 நாள். உண்ணிக்காய்ச்சலுக்கு 28 நாள். வாந்தி எடுக்கிற நாய்க்கு முதலில் ஊசி மருந்து, வாந்தி நின்றபிறகு மாத்திரை. வெறும் வயிற்றில் டாக்ஸிசைக்ளின் கொடுத்தால் உணவுக்குழாயில் ஒட்டிப் புண்ணாக்கும். சோற்றோடு கொடுத்து, பின்னால் கொஞ்சம் தண்ணீர் இறக்குங்கள். பாலோடு வேண்டாம்.

முடிவு வரும்வரை மூத்திரத்தை வெறுங்கையால் தொடாதீர்கள். கையுறை போட்டுத் துடைத்து, தண்ணீர்விட்டுக் கழுவி, பிறகு பிளீச்சிங் பவுடர் கரைசல் ஊற்றிவிடுங்கள். கையில் காலில் வெட்டுக்காயம் இருந்தால் அப்பா அந்த வேலைக்கு வரவேண்டாம். வீட்டில் யாருக்காவது காய்ச்சல், கெண்டைக்கால் வலி வந்தால், நாய்க்கு எலிக்காய்ச்சல் சந்தேகம் இருக்கிறது என்று டாக்டரிடம் முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிட வேண்டும்.

இனி டிரிப். ரிங்கர் லாக்டேட் பாட்டில்தான் வேண்டும். குளுக்கோஸ் கலந்த டிரிப்பைத் தோலுக்கடியில் விடக்கூடாது, சீழ் கட்டும், தோல் அழுகும். மருந்துக்கடையில் எது இருக்கிறதோ அதைக் கொடுத்துவிடுவார்கள், லேபிளைப் படித்து வாங்குங்கள். அளவு ஒரு கிலோவுக்கு 10 முதல் 20 மில்லி. 18 கிலோவுக்கு ஒரு தடவைக்கு 200 முதல் 350 மில்லி என்பது எல்லை. தினமா ஒருநாள் விட்டு ஒருநாளா என்பதை இதயத்தைக் கேட்டுப்பார்த்த டாக்டர்தான் சொல்லவேண்டும். இதயம் பலவீனமான நாய்க்கு இதே டிரிப் நுரையீரலில் நீர் கோக்கவைக்கும்.

பாட்டிலை வெதுவெதுப்பான தண்ணீரில் பத்து நிமிடம் வையுங்கள், சில்லென்று ஏறினால் நாய் அடுத்த நாள் பாட்டிலைக் கண்டாலே எழுந்து போய்விடும். நாயின் முதுகுக்கு மேல் நாலடி உயரத்தில் ஜன்னல் கம்பியில் மாட்டுங்கள். குழாயில் காற்றுக்குமிழ் போகும்வரை ஒழுகவிடுங்கள். 18 நம்பர் ஊசி. இரண்டு தோள்பட்டைக்கு நடுவில் தோலைக் கூடாரமாகத் தூக்கி, அதன் அடிவாரத்தில், முதுகெலும்புக்கு இணையாகக் குத்தவேண்டும். மேல்நோக்கிக் குத்தினால் மறுபக்கம் வெளியே வந்து முடி நனையும். அதுதான் ஆரம்பத்தில் எல்லாருக்கும் நடப்பது. சொட்டு நின்றுபோனால் ஊசியை உருவாமல் லேசாகத் திருப்பிப் பாருங்கள். தோலுக்கடியில் ஒரு உருண்டை எழும்பும், சில மணி நேரத்தில் முன்னங்கால் பக்கம் இறங்கிக் கரையும். 24 மணி நேரமாகியும் கரையாவிட்டால் அடுத்த டிரிப் போடாமல் டாக்டரைக் கூப்பிடுங்கள், ரத்த ஓட்டம் படுத்துவிட்டது என்று பொருள். ஊசி ஒவ்வொரு தடவையும் புதிது. பாட்டிலில் மிச்சம் கலங்கினால் கொட்டிவிடுங்கள்.

சாப்பாட்டில் எலும்பு, கருவாடு, ஈரல், பால் நிறுத்தவேண்டும், பாஸ்பரஸ் ஏறும். குழைந்த சோறு, வேகவைத்த முட்டை வெள்ளைக்கரு, தோல் எடுத்த கோழி கொஞ்சம், ஒரு தேக்கரண்டி நெய். உப்பு போடாதீர்கள். தண்ணீரை மட்டும் எந்தக் காரணத்துக்கும் குறைக்கக்கூடாது. திண்ணையை நனைக்கிறது என்று ராத்திரி தண்ணீர்ச் சட்டியை எடுத்துவைக்கிறவர்கள் உண்டு. அப்படிச் செய்தால் ஒரே ராத்திரியில் நிலைமை மோசமாகும்.

வலிக்கிறது என்று வீட்டிலிருக்கும் மாத்திரை எதையும் கொடுக்கவேண்டாம். டைக்ளோபினாக், இபுபுரூபன் இரண்டும் மிச்சமிருக்கும் சிறுநீரகத்தையும் முடித்துவிடும், குடலில் புண் வரும். பிணந்தின்னிக் கழுகுகள் செத்ததால் கால்நடைக்கு டைக்ளோபினாக்கை 2006-லேயே தடை செய்தாகிவிட்டது. மனித மருந்துக்கடையில் கிடைப்பதால் இன்னும் நாய்க்குப் போய்க்கொண்டிருக்கிறது. குமட்டலுக்கும் வயிற்றுப்புண்ணுக்கும் டாக்டர் எழுதும் மருந்துதான் இப்போது பெரிய உதவி. குமட்டல் அடங்கினால் பாதி நாய்கள் சாப்பிட ஆரம்பித்துவிடும்.

திடல்மேடு:

குழியைப் பற்றி மட்டும் சொல்கிறேன். நாய் இருக்கும்போதே இடம் பார்ப்பதில் மனசுக்குச் சங்கடம் வேண்டாம் தம்பி. அடைமழையில், நடுராத்திரியில், டார்ச் வெளிச்சத்தில் இடம் தேடுகிறவர்கள்தான் வாய்க்கால் கரையில் ஓரடி பறித்துப் போட்டுவிட்டு வருகிறார்கள். மூன்றாம் நாள் தெருநாய் இழுத்துப்போட்டிருக்கும்.

முதலில் வேண்டாத இடங்கள். வாய்க்கால் கரை, ஆற்றுப் படுகை, குளத்தங்கரை கூடாது. படுகை மணல் தோண்டச் சுகமாக இருக்கும், ஆனால் அடுத்த தண்ணீரில் அரித்துக்கொண்டு போகும். கிணறு, அடிபம்பு, போர் எதுவாக இருந்தாலும் 100 அடி தள்ளியிருக்கவேண்டும். தென்னை அடியில் உரமாகும் என்று போடுவார்கள். தூரிலிருந்து ஆறடிக்குள் பறித்தால் வேர் வெட்டுப்படும்.

டெல்டாவில் தேடவேண்டியது திடல். பழைய களம், வைக்கோல்போர் போட்ட மேடு, தோப்பின் உயரமான மூலை. கடப்பாரையால் ஆறடி ஆழத்துக்கு ஒரு துளை போட்டு, வாயை ஓட்டால் மூடிவையுங்கள், மழைத்தண்ணீர் இறங்கக்கூடாது. மறுநாள் காலையில் ஒரு குச்சியை விட்டு எந்த மட்டத்தில் நனைகிறது என்று பாருங்கள். அதுதான் நீர்மட்டம். குழியின் தரை அந்த மட்டத்துக்கு ஒன்றரை அடியாவது மேலே நிற்கவேண்டும்.

நீர்மட்டம் ஆறடிக்குக் கீழே இருந்தால் வழக்கமான குழி: 3 அடி நீளம், 2 அடி அகலம், 4 அடி ஆழம். 18 கிலோ நாய் சுருண்ட நிலையில் அதில் தாராளமாக அடங்கும், மேலே மூன்றடி மண் நிற்கும். அந்த மூன்றடிதான் கணக்கு.

உங்கள் கொல்லையில் இரண்டடியில் தண்ணீர் என்றால் அங்கே வேண்டாம். தண்ணீர் நிற்கிற குழியில் உடல் ஊதி, ஈர மண்ணைத் தள்ளிக்கொண்டு மேலே வரும். மேட்டில் மூன்றரை அடியில் தண்ணீர் தட்டுகிறது, வேறு இடமும் இல்லை என்றால் மேட்டுக்குழிதான் வழி. இரண்டடி மட்டும் பறித்து, உடலை வைத்து, தரைமட்டம் வரை மண் போட்டு மிதித்து, அதற்குமேல் இரண்டடி உயரத்துக்கு மேடு கட்டவேண்டும். மேட்டின் அடி 6-க்கு 5 அடி, உச்சி 3-க்கு 2 அடி, நாலு பக்கமும் சரிவு. வெளியிலிருந்து சுமார் 30 கன அடி மண் வேண்டும். அதை இப்போதே கொண்டுவந்து தார்ப்பாய் போட்டு மூடிவையுங்கள். மழையில் ஊறிய களிமண்ணை மண்வெட்டியால் அள்ளிப்பாருங்கள், ஏன் சொல்கிறேன் என்று தெரியும்.

முன்கூட்டிப் பறித்துவைத்தால் சுற்றிலும் அரையடி வரப்பு, மேலே பலகை, பலகைக்கு மேல் தார்ப்பாய், நாலு மூலையிலும் கல். ஆட்டுக்குட்டியும் பிள்ளைகளும் விழுகிற இடம் அது.

சுற்றுவதற்குப் பழைய பருத்தி வேட்டியோ சேலையோ போதும். பிளாஸ்டிக், பாலியெஸ்டர், உரச்சாக்கு வேண்டாம், உள்ளேயே அழுகிக் கிடக்கும். கழுத்துப்பட்டை, மணி எல்லாம் கழற்றிவிடுங்கள். மண்ணை அரையடிக்கு ஒரு தடவை மிதித்து இறுக்கவேண்டும். உடலுக்குமேல் ஓரடி மண் வந்ததும் ஒரு உடைந்த கடப்பாக்கல்லோ பழைய கதவுப் பலகையோ படுக்கவைத்து, அதற்குமேல் மீதி மண். பறிக்க வருகிற நாய் அந்தக் கல்லோடு நின்றுவிடும். உச்சியில் கருவேல முள்ளை வெட்டிப் பரப்பி, மேலே ரெண்டு கல். தரைமட்டத்தோடு நிறுத்தாமல் ஓரடி கூட்டிப் போடுங்கள், கார்த்திகைக்குள் அமுங்கிவிடும். அமுங்கிய இடத்தில் தண்ணீர் தேங்கினால் மறுபடி மண். சித்திரையில் களிமண் வெடிக்கும்போது வெடிப்பு வழியாக வாடை வரலாம், தூள் மண்ணால் வெடிப்பை அடைத்தால் போதும்.

சம்பாப்பட்டம்:

திடல்மேடு அண்ணன் சொன்னதோடு ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். அஞ்சு கிலோ கல் உப்பும் ஒரு கூடை சுண்ணாம்பும் உடல்மேல் கொட்டினால் சீக்கிரம் மக்கிவிடும், வாடையும் வராது.

திடல்மேடு:

ஊரெல்லாம் அப்படித்தான் சொல்கிறார்கள், நடப்பது தலைகீழ். உப்பு போட்டால் மக்காது. கருவாடு ஏன் கெடுவதில்லை? சுண்ணாம்பும் அப்படியே, உடலைச் சுற்றிக் கெட்டித்து மக்குவதைத் தள்ளிப்போடும். வாடையை அடக்குவது மட்டும் உண்மை. எனவே உடல்மேல் வேண்டாம். தரையிலிருந்து ஓரடி கீழே, மண் அடுக்குக்கு நடுவில், ரெண்டு கை சுண்ணாம்புத்தூள் தூவினால் மோப்பம் பிடித்து வரும் நாய்க்கு ஒரு தடை. நீர்த்த சுண்ணாம்பு வாங்குங்கள். சுட்ட சுண்ணாம்பை ஈர மண்ணில், வெறுங்கையால், மழையில் தூவினால் கையும் கண்ணும் வெந்துபோகும். உப்பு எங்கேயும் வேண்டாம், பக்கத்து மரத்துக்கு ஆகாது. வெறிநோய் சந்தேகத்தில் செத்த நாய் என்றால் கணக்கு வேறு, அதைத் தொடும் முன்பே கால்நடை மருந்தகத்துக்குச் சொல்லவேண்டும்.

பாமணிக்கரை:

எல்லாருக்கும் நன்றி. எலிக்காய்ச்சல் சோதனை எடுக்கவில்லையாம், நாளைக்கு எடுக்கிறார்கள். ஸ்கேனுக்கு ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரிக்குப் போகச் சொன்னார்கள். திடல் இருக்கிறது, பெரியப்பா தோப்பில். நாய்க்குப் பின்னங்கால் தடுமாறுகிறது, படுத்தே கிடக்கிறது, தொடையில் முடி கொட்டிச் சிவந்திருக்கிறது. அதற்கு என்ன செய்ய?

சாம்பல்பூனை:

அது படுக்கைப்புண்ணின் ஆரம்பம். சிவப்பாக இருக்கும்போதே பிடித்துவிட்டால் மூன்று நாளில் வாடும். தோல் உரிந்துவிட்டால் இந்த ஈரத்தில் ஆறாது.

சிமெண்டுத் தரையில் வெறும் சாக்கு போதாது. கீழே பழைய மெத்தையோ நாலாக மடித்த ஜமுக்காளமோ, அதற்குமேல் பிளாஸ்டிக் விரிப்பு, அதற்குமேல் பருத்தித் துணி. மேல்துணியை நனைந்த உடனே மாற்றவேண்டும், ஆறேழு துணி சுழற்சியில் இருக்கட்டும். மூன்று மணி நேரத்துக்கு ஒருதரம் பக்கம் மாற்றிப் படுக்கவையுங்கள். காலைப் பிடித்துப் புரட்டக்கூடாது. நெஞ்சில் எழுப்பி உட்காரவைத்து மறுபக்கம் சாய்க்கவேண்டும். முழங்கை, இடுப்பெலும்பு, கணுக்கால் மூன்றும் தினம் விரலால் தடவிப்பாருங்கள். நடக்கவைக்கும்போது ஒரு துண்டைப் பின்னங்காலுக்கு முன்னால் வயிற்றுக்கடியில் விட்டு இரண்டு முனையையும் பிடித்துத் தூக்குங்கள். ஆண் நாய் என்பதால் துண்டு குறிக்கு முன்னால் அழுத்தாமல் இருக்கிறதா என்று பார்க்கவும். மொசைக், ரெட் ஆக்சைடு தரையில் கால் வழுக்கும். கோரைப்பாயும் சேர்ந்து வழுக்கும். ரப்பர் மிதியடியை வாசல்வரை வரிசையாகப் போடுங்கள்.

மழைக்காலத்தில் நான் அதிகம் பயப்படுவது ஈயைத்தான். மூத்திரத்தில் நனைந்த முடியில் ஈ முட்டையிட்டால் ஒரே நாளில் புழு. வால் அடி, தொடை இடுக்கு, குறியைச் சுற்றி முடியை ஒட்ட வெட்டிவிடுங்கள். காலையும் சாயங்காலமும் வெளிச்சத்தில் விரித்துப் பாருங்கள். வெள்ளையாக, அரிசி நொய் அளவில் கொத்தாக ஒட்டியிருந்தால் முட்டை, சீப்பால் சீவி எடுத்துவிடலாம். புழு வந்துவிட்டால் டர்பன்டைன் ஊற்றாதீர்கள், புண் வெந்துபோகும், பக்கத்தில் பூனை நக்கினால் அதற்கும் ஆபத்து. இடுக்கியால் எடுத்து, பொவிடோன் அயோடினை வெளிறிய டீ நிறம் வரும்வரை தண்ணீரில் கலந்து கழுவி, அன்றைக்கே டாக்டரிடம். கொசுவலை கட்டாயம்.

படுத்த வாக்கில் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். சிரிஞ்சில் கொடுப்பதானால் நெஞ்சில் உட்காரவைத்து, தலையை அண்ணாக்காமல், கன்னத்துப் பக்கவாட்டில் ஒரு தடவைக்கு 2 மில்லி. விழுங்கியதைப் பார்த்தபிறகுதான் அடுத்தது. கடைசி நேரத்தில் பால் ஊற்றுவது நம் வழக்கம், மூச்சு வாங்குகிற நாய்க்கு அது நேராக நுரையீரலுக்குப் போய் மூச்சை அடைக்கும். அப்பா கட்டாயம் ஊற்றவேண்டும் என்றால் விரலைப் பாலில் தோய்த்து உதட்டில் தடவட்டும், அதுவே போதும்.

வெட்டாறு:

ஊசி பற்றிய கேள்வி பாக்கி. முடிவை ஒருநாள் நிலைமையை வைத்து எடுக்காதீர்கள், டிரிப் போட்ட மறுநாள் எந்த நாயும் நன்றாகத் தெரியும். நாள்காட்டித் தாளில் தினம் எழுதிவையுங்கள்: தானாக எழுந்ததா, தானாகச் சாப்பிட்டதா, வாந்தி எத்தனை, அப்பாவின் சைக்கிள் சத்தத்துக்குத் தலை தூக்கியதா. ஒரு வாரத்தில் கெட்ட நாள் நல்ல நாளைவிட அதிகமாகிவிட்டால் நேரம் வந்துவிட்டது. தூங்கும்போது மூச்சை எண்ணுங்கள். நிமிடத்துக்கு 30-க்குள் இருக்கவேண்டும், ஓய்விலும் 40-ஐத் தாண்டினால் டிரிப்பை நிறுத்திவிட்டு டாக்டர். இரண்டு நாள் முழுப் பட்டினி, குடித்த தண்ணீரும் வாந்தி, வாயில் புண், வலிப்பு: இவை வந்தபிறகு காத்திருப்பதில் நாய்க்கு எந்த லாபமும் இல்லை. சிறுநீரக நோயில் தானாகப் போகட்டும் என்று விடுவது தூக்கத்தில் போவது இல்லை. பெரும்பாலும் மூன்று நாலு நாள் குமட்டலும் வலிப்பும்தான். என் கருத்து, வலிப்புக்கு முன் ஊசி.

டாக்டரிடம் முன்கூட்டியே கேட்கவேண்டியது: முதலில் மயக்க ஊசி உண்டா? பிறகு நரம்பில் போடும் மருந்து எது? தயோபென்டோன், பென்டோபார்பிட்டால் போன்ற மயக்க மருந்தின் மிகை அளவுதான் முறை. மயக்காமல் மக்னீசியம் சல்பேட் மட்டும் ஏற்றுகிறேன் என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், நாய் நினைவோடு மூச்சுத்திணறும். அரசு மருந்தகத்தில் மாட்டு வேலையே நாள் முழுக்க இருக்கும், மத்தியானத்துக்கு மேல் வரமுடியுமா என்று கேட்டுவையுங்கள். 1962 எண்ணுக்குக் கூப்பிட்டால் வரும் நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்தி அவசரத்துக்கு, நேரம் குறித்துக் கூப்பிட உதவாது. தீபாவளி ஐப்பசியில் வருகிறது. அந்த மூன்று நாளும் யார் இருப்பார்கள், இரண்டு வாரத்து டிரிப் பாட்டிலும் மருந்தும் கையில் இருக்கிறதா என்று இப்போதே பாருங்கள்.

என்ன நடக்கும் என்பதை அப்பாவிடம் முன்பே சொல்லிவிடுங்கள். மயக்க ஊசிக்குப் பத்துப் பதினைந்து நிமிடத்தில் நாய் அசையாமல் படுக்கும். நரம்பு ஊசி போட்டால் ஓரிரு நிமிடத்தில் இதயம் நிற்கும். கண் திறந்தே இருக்கும். நின்றபிறகும் ஒன்றிரண்டு பெருமூச்சு வரலாம், தசை துடிக்கலாம், மூத்திரம் மலம் போகும். உயிர் இருக்கிறது என்று பதறவேண்டாம். இடது முழங்கைக்குப் பின்னால் நெஞ்சில் காதை வைத்து மூன்று நிமிடம் துடிப்பில்லை, கண் ஓரத்தைத் தொட்டால் இமை அசையவில்லை என்றால் முடிந்தது. இரண்டு மூன்று மணி நேரத்தில் விறைத்துவிடும். அதற்குள் கால்களை மடித்துச் சுருட்டிப் படுக்கவையுங்கள், நீட்டியபடி விறைத்தால் குழி இருமடங்கு வேண்டியிருக்கும். நம் வெப்பத்தில் ஆறு மணி நேரத்துக்குள் புதைப்பது நல்லது. மழை விடவில்லை என்றால் மீன் பெட்டியில் ஐஸ் உடைத்துப்போட்டு, உடலைப் பிளாஸ்டிக்கில் சுற்றிவைத்தால் ஒருநாள் தாங்கும். புதைக்கும்போது பிளாஸ்டிக்கை உருவிவிடுங்கள். ஊசி போட்ட உடலில் மருந்து நெடுநாள் இருக்கும், பறித்துத் தின்கிற நாயும் நரியும் சாகும். மேலே சொன்ன மூன்றடி மண்ணில் விட்டுக்கொடுக்கவே கூடாது.

சாம்பல்பூனை:

பெண் நாயும் பூனையும் உடலை மோந்து பார்க்கட்டும், தொற்றுநோய் இல்லை என்று உறுதியானால் மட்டும். காட்டாமல் எடுத்துப்போனால் பெண் நாய் நாள்கணக்கில் வாசலில் தேடும். அது இரண்டு நாள் சரியாகச் சாப்பிடாதது வழக்கம்தான். சாப்பாட்டு நேரம், நடை நேரம் மாறாமல் இருக்கட்டும், ஆசைகாட்டப் புதுப்புது தீனி வேண்டாம். அதற்குமேல் போனால் துக்கம் என்று விட்டுவிடாதீர்கள், அதே எலிக்காய்ச்சல், அதே உண்ணியாக இருக்கலாம். பூனை முழுதாக ஒருநாள் சாப்பிடாவிட்டாலே கவனியுங்கள், இரண்டு நாளானால் கல்லீரல் கெட ஆரம்பிக்கும். பெண் நாய்க்கு இந்த வருஷத்துத் தடுப்பூசியில் எலிக்காய்ச்சல் சேர்ந்திருக்கிறதா என்று அட்டையைப் பாருங்கள், அது வருடம் ஒருமுறை போடவேண்டியது. வயலில் எலிக்கு மருந்து வைக்கிற பருவமும் வருகிறது. செத்த எலியைத் தின்ற நாய் வாயில் பூண்டு வாடை அடித்தால் சிங்க் பாஸ்பைடு. சோறோ பாலோ கொடுக்காதீர்கள், வயிற்று அமிலம் கூடினால் விஷவாயு கூடும். மூடிய அறையிலோ காருக்குள்ளோ வாந்தி எடுத்தால் கூட இருப்பவருக்கும் ஆபத்து. ஜன்னலைத் திறந்துவைத்து நேராக மருத்துவமனை.

வெட்டாறு:

அடுத்த நாய். சிறுநீரக நோயில் போனால் அடுத்த நாய்க்குக் காத்திருக்க மருத்துவக் காரணம் எதுவும் இல்லை. எலிக்காய்ச்சல் என்றால் தரையைக் கழுவிக் காயவிட்டு, தேங்கிய தண்ணீரை வடித்து, தடுப்பூசி போட்ட நாயைக் கொண்டுவரலாம். அந்தக் கிருமி காய்ந்த தரையில் நிற்காது, ஈர மண்ணில்தான் நிற்கும். தை பிறந்து கொல்லை காய்ந்தபிறகு என்று வையுங்கள். பார்வோவில் (குட்டிகளைக் கொல்லும் வயிற்றுப்போக்கு நோய்) குட்டி செத்த வீடுதான் சிக்கல், அந்த வைரஸ் மண்ணில் ஒரு வருடம்கூட இருக்கும்.

72 வயதில் குட்டி வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். நாலைந்து வயது நாட்டு நாய் எடுங்கள். கன்னி, சிப்பிப்பாறை இன நாய்கள் ஓடப் பிறந்தவை, அப்பாவின் தோளைக் கழற்றிவிடும். வெள்ளை ராஜபாளையம் என்றால் காது கேட்காத குட்டிகள் வருவதுண்டு, பின்னால் நின்று கைதட்டிப் பார்த்து எடுக்கவும். குட்டிதான் என்று அவர் பிடிவாதம் பிடித்தால் எட்டு வாரத்துக்கு முன் தாயிடமிருந்து பிரிக்காதீர்கள். ஆறு முதல் எட்டு வாரத்தில் முதல் ஊசி, மூன்று நாலு வாரத்துக்கு ஒன்றாகப் பதினாறு வாரம்வரை, மூன்றாம் மாதம் வெறிநோய்க்கு. கடைசி ஊசியைத் தவறவிடுகிறவர்கள் வீட்டில்தான் பார்வோ அதிகம், தாய்ப்பாலின் எதிர்ப்பு முந்தைய ஊசிகளைச் செல்லாமல் ஆக்கியிருக்கும். அப்பாவால் முடியாத நாளில் நாய் யாரிடம் போகும் என்பதையும் எடுக்கும் அன்றைக்கே பேசி முடித்துவிடுங்கள்.

பாமணிக்கரை:

தரை கழுவ பினாயில் போதுமா? பூனை இருக்கிறது.

சாம்பல்பூனை:

பினாயில் வேண்டவே வேண்டாம். பார்வோ அதற்குச் சாகாது, பூனை காலை நக்கி விஷமேறும். முதலில் சோப்புத் தண்ணீரில் அழுக்கு, முடி, எண்ணெய்ப் பிசுக்கு போகக் கழுவுங்கள். அழுக்கு இருந்தால் குளோரின் அதிலேயே தீர்ந்துவிடும். பிறகு பிளீச்சிங் பவுடர் லிட்டருக்கு 5 முதல் 6 கிராம், தெளியவைத்து மேல்தண்ணீரை ஊற்றி, பத்து நிமிடம் ஊறவிட்டு நல்ல தண்ணீரால் அலசவும். அன்றன்றைக்குக் கரையுங்கள், திறந்து கிடந்த பாக்கெட் வாங்காதீர்கள், மழைக்காலத்தில் வீரியம் போயிருக்கும். மூத்திரத்தை முதலில் தண்ணீர்விட்டுக் கழுவாமல் நேராக இதை ஊற்றினால் கண்ணெரிகிற புகை வரும், ஆசிட்டோடும் கலக்கக்கூடாது. தரை காயும்வரை பூனை உள்ளே.